பாஸ்போஃபிலைட்: சோதித்து அறிவதும் வகைப்படுத்துவதும்

நீலப்பச்சை நிறம், கண்ணாடி போன்ற பளபளப்பு, லேசாகப் பட்டாலே பிளந்துவிடும் தன்மை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு கல்லுக்குப் பாஸ்போஃபிலைட் என்று பெயர்ச்சீட்டு எழுதிவிட முடியாது. ஃபுளோரைட், டூர்மலின், அபடைட் ஆகியவை ஏதோ ஒரு சோதனையில் இதைப் போலவே விடை தரும். இரும்பில்லாத துத்தநாகப் பாஸ்பேட்டான ஹோப்பைட்டோ கிட்டத்தட்ட எல்லாச் சோதனையிலும் கூடவே வரும். அதனால் எந்தச் சோதனையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். கல்லுக்குச் சேதம் வராதவற்றை முதலிலும், தூளைச் செலவழிப்பவற்றைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போஃபிலைட் என்பது துத்தநாகமும் இரும்பும் கலந்த நீரேறிய பாஸ்பேட். ஒரு வாய்பாட்டு அலகில் இரண்டு துத்தநாகம், ஒரு ஃபெரஸ் இரும்பு, இரண்டு பாஸ்பேட் தொகுதி, நான்கு நீர் மூலக்கூறு. 1920இல் லாப்மானும் ஸ்டைன்மெட்ஸும் ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள ஹாகன்டார்ஃப் பெக்மடைட்டிலிருந்து (பெரிய படிகங்கள் கொண்ட எரிமப்பாறை) இதை விவரித்தார்கள். நகைக்கல்லாக வெட்டும் அளவுக்குப் பெரிய, தெளிந்த படிகங்கள் பொலிவியாவின் பொட்டோசியில், செர்ரோ ரிக்கோ மலையில் கிடைத்தவை. பெக்மடைட்டில் இது முதலில் படிகமாகும் கனிமம் அல்ல. ஏற்கெனவே இருந்த இரும்பு, மாங்கனீசு பாஸ்பேட்டுகள் சிதையும்போது, பக்கத்தில் ஸ்பாலரைட் (துத்தநாக சல்ஃபைடு தாது) சிதைந்து துத்தநாகம் தந்தால் உருவாகும். ஆக, பாறையில் துத்தநாக மூலமே இல்லையென்றால் ஆரம்பத்திலேயே சந்தேகப்படலாம்.

முழுத் தூய்மையான கனிமத்தின் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: துத்தநாக ஆக்சைடு 36.3%, ஃபெரஸ் ஆக்சைடு 16.0%, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 31.6%, நீர் 16.1%. வாய்பாட்டு எடை 448.6. கீழே இந்த எண்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் பத்து மடங்கு உருப்பெருக்கி

படிகம் மோனோகிளினிக் (ஒரு கோணம் மட்டும் சாய்ந்த) தொகுதியைச் சேர்ந்தது; தடித்த பட்டையாகவோ குட்டையான பட்டகமாகவோ இருக்கும். இரட்டைப் படிகங்கள் சகஜம். பொட்டோசி மாதிரிகளில் மீன்வால் போல் பிரிந்த இரட்டைகளைப் பார்க்கலாம். ஒரு திசையில் பிளவு மிகச் சுத்தமாக இருக்கும், வேறு இரண்டு திசைகளில் அதைவிடச் சுமாராக இருக்கும். கல்லை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஒரே விளக்கின் ஒளியை அதன்மேல் படவிடுங்கள். சுத்தமான பிளவுத்தளம் முழுவதும் ஒரே நொடியில் கண்ணாடிபோல் மின்னி அணையும். மற்ற இரண்டும் படிபடியாக மின்னும். ஃபுளோரைட்டில் இந்தச் சுத்தமான பிளவு ஒன்றல்ல, நான்கு திசைகளில், எண்முகி வடிவில் வரும். உடைந்த மூலைகள் முக்கோணமாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

குற்றலை புற ஊதா விளக்கில் பாஸ்போஃபிலைட் ஊதாவாக ஒளிரக்கூடும். ஒளிரவில்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம். ஒளிர்ந்தது என்பதற்காக நம்பவும் வேண்டாம், ஏனென்றால் ஃபுளோரைட்டும் ஒளிரும்.

அடர்த்தி

இதுதான் செலவில்லாத சோதனைகளில் அதிகம் பயன் தருவது. எதிர்பார்க்க வேண்டிய மதிப்பு 3.08 முதல் 3.13. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். அலகுக்கூட்டின் விளிம்புகள் 10.378, 5.084, 10.553 ஆங்ஸ்ட்ராம், பீட்டா கோணம் 121.14 பாகை. மூன்றையும் பெருக்கி, கோணத்தின் சைன் மதிப்பான 0.856ஆல் பெருக்கினால் கன அளவு சுமார் 476.6 கன ஆங்ஸ்ட்ராம். கூட்டுக்குள் இரண்டு வாய்பாட்டு அலகு இருப்பதால் எடை 897.2. அதை 1.6605ஆல் பெருக்கி 476.6ஆல் வகுத்தால் 3.13. வெற்றிடமோ அசுத்தமோ இல்லாத கல் இதற்கு மேல் போகக் கூடாது.

செய்முறை எளிது. கல்லைக் காற்றில் நிறுக்கவும். பிறகு மெல்லிய நைலான் இழையில் கட்டி, நீரில் முழுவதும் மூழ்கவிட்டு நிறுக்கவும். காற்றிலுள்ள எடையை, இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்து, 25 டிகிரி நீர் என்றால் 0.997ஆல் பெருக்கவும். காற்றில் 1.240 கிராம், நீரில் 0.842 கிராம் என்றால் வித்தியாசம் 0.398, அடர்த்தி 3.11.

தவறு எங்கே நுழைகிறது? பெரும்பாலும் தராசில். 0.01 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் அரை கிராம் கல்லை நிறுத்தால், வித்தியாசமே 0.16தான் வரும். இரு நிறுவைகளிலும் கடைசி இலக்கம் எதிரெதிராக ஒன்று தவறினால் விடை 2.8இலிருந்து 3.6 வரை எங்கும் போகும். அரை கிராமுக்கும் குறைந்த கல்லுக்கு 0.001 கிராம் தராசு கட்டாயம், 0.0001 இருந்தால் இன்னும் நல்லது. அடுத்தது காற்றுக்குமிழி. பிளவு இடுக்குகளில் ஒளிந்துகொண்டு அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். நீரில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டு, கல்லை மென்தூரிகையால் தடவிவிட்டால் போதும். குமிழியை விரட்ட நீரைக் கொதிக்க வைக்காதீர்கள், வெப்பத்தில் பிளவு விரியும். மூன்றாவது, உள்ளே இருக்கும் பைரைட். கன அளவில் வெறும் 5% பைரைட் இருந்தாலே 3.13 என்பது 3.22 ஆகிவிடும். அது நேராக அபடைட்டின் மடியில் போய் விழும் எண்.

இந்தச் சோதனையோடு டோபாஸ் (3.53), அக்வாமரின் (சுமார் 2.7), ஸ்மித்சோனைட் (சுமார் 4.4) மூன்றும் வெளியேறிவிடும். மிச்சம் நிற்பவை ஃபுளோரைட் 3.18, அபடைட் 3.16 முதல் 3.22, எல்பைட் டூர்மலின் சுமார் 3.06, லட்லமைட் (இரும்பு பாஸ்பேட்) 3.1 முதல் 3.2, ஹோப்பைட் சுமார் 3.05 முதல் 3.1.

ஒளிவிலகல்மானியில் ஒரு பொறி

பாஸ்போஃபிலைட்டின் மூன்று ஒளிவிலகல் எண்கள் சுமாராக 1.595, 1.614, 1.616. இரட்டை விலகல், அதாவது பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், 0.021. ஃபுளோரைட்டுக்கு ஒரே ஒரு எண்தான், 1.434, குழப்பத்துக்கு இடமே இல்லை. அபடைட் 1.63ஐ ஒட்டியும் அதற்கு மேலும் நிற்கும், அதன் இரட்டை விலகல் 0.01ஐத் தொடாது. லட்லமைட் 1.65க்குக் கீழே வராது.

பொறி டூர்மலினில் இருக்கிறது. அதன் இரட்டை விலகலும் ஏறக்குறைய 0.020. கல்லைத் தளத்தின் மேல் சுழற்றும்போது டூர்மலினில் மேல்நிழல் (அளவுகோலில் பெரிய எண்ணைக் காட்டும் நிழல்விளிம்பு) அசையாது, கீழ்நிழல் மட்டும் நகரும். அது ஓரச்சுக் கல், அதாவது ஒளி இரண்டாகப் பிரியாமல் செல்லும் திசை ஒன்றே உள்ள கல். பாஸ்போஃபிலைட் ஈரச்சுக் கல், ஆகவே இரண்டு நிழலும் நகர வேண்டும். ஆனால் இங்கே நடு எண்ணும் மேல் எண்ணும் 0.002 மட்டுமே விலகியிருக்கின்றன. சாதாரணக் கருவியில் கண்ணால் படிக்கும் பிழையே அவ்வளவு வரும். ஆகவே மேல்நிழல் நின்றுவிட்டது போலத் தோன்றி, கல் ஓரச்சு, எதிர்க்குறி, இரட்டை விலகல் 0.02, எனவே டூர்மலின் என்று முடிவு எழுதும் ஆபத்து உண்டு. நிழலின் நடத்தையை நம்பாமல் எண்ணை நம்புங்கள்: டூர்மலினின் மேல்நிழல் 1.64இல் நிற்கும், பாஸ்போஃபிலைட்டுடையது 1.62ஐத் தாண்டுவது அரிது. சோடியம் மஞ்சள் ஒளியில், பல தளங்களில், தளத்துக்குக் குறைந்தது ஆறு கோணங்களில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வளைவாக வெட்டிய கல்லில் புள்ளி முறையில் 1.61 என்று ஒரே எண் கிடைத்தால் அது டோபாஸ், டூர்மலின், பாஸ்போஃபிலைட் மூன்றுக்கும் பொதுவான எண். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஹோப்பைட்டின் எண்கள் 1.57 முதல் 1.60க்குள், இரட்டை விலகல் சுமார் 0.01. நல்ல தளம் கிடைத்தால் இங்கேயே பிரித்துவிடலாம். பொடிப்படிகம் என்றால் வேதியியலுக்கும் எக்ஸ் கதிருக்கும் போகத்தான் வேண்டும்.

மோஸ் அளவில் கடினத்தன்மை 3 முதல் 3.5. கால்சைட்டைக் கீறும், ஃபுளோரைட்டால் கீறப்படும். நல்ல படிகத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். கட்டாயம் தேவைப்பட்டால் உதிர்ந்த துணுக்கு ஒன்றைக் கால்சைட்டின் பிளவுத்தளத்தில் இழுத்து, விரலால் துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைத்த பின்னும் பள்ளம் இருந்தால்தான் கீறல். வெள்ளைக் கோடு அழிந்துபோனால் அது துணுக்கின் தூள்.

வேதிச் சோதனை: பாஸ்பேட், இரும்பு, துத்தநாகம்

மொத்தம் 20 முதல் 30 மில்லிகிராம் தூள் போதும். மூன்று பங்காகப் பிரிக்கவும். ஒரே கரைசலில் மூன்றையும் பார்க்க முயன்றால் ஒன்றை ஒன்று மறைக்கும்.

பாஸ்பேட்டுக்கு: ஒரு பங்கை 2 மில்லி நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, ஆறவிட்டு, நைட்ரிக் அமிலம் கலந்த அம்மோனியம் மாலிப்டேட் கரைசல் 2 மில்லி சேர்க்கவும். குழாயை 50 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் வைத்தால் மஞ்சள் வீழ்படிவு வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் ஃபெரஸ் இரும்பு அப்படியே தங்கி, மாலிப்டேட்டை ஒடுக்கி நீலமாக்கிவிடும். நைட்ரிக் அமிலம் இரும்பை முதலிலேயே ஆக்சிகரணம் செய்துவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. அதிகம் சூடாக்கினால் இரண்டு கெடுதல். ஆர்சனேட்டும் அதே மஞ்சளைத் தர ஆரம்பிக்கும். மாலிப்டிக் ஆக்சைடு தானே வெள்ளையாகப் படிந்து பார்வையைக் குழப்பும். துத்தநாகத் தாது உள்ள இடங்களில் ஆர்சனேட் கனிமமான அடமைட் இருப்பது வழக்கம் என்பதால் 50 டிகிரி என்பதைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். கரைசல் மஞ்சளாகி வீழ்படிவு வராமல் நின்றால் அது பெரும்பாலும் சிலிகா. பக்கத்திலேயே ஒரு குழாயில் அபடைட் தூளையும், இன்னொன்றில் வெறும் அமிலத்தையும் வைத்து ஒப்பிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

ஃபெரஸ் இரும்புக்கு: அடுத்த பங்கை 1 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஆறியதும் ஒரு சொட்டு பொட்டாசியம் ஃபெரிசயனைடு விடவும். உடனே கருநீலம் வரவேண்டும். பழுப்போ மங்கிய பச்சையோ வந்தால் இரும்பு ஆக்சிகரணமாகிவிட்டது, அதாவது கல் மாற்றமடைந்தது, அல்லது நீங்கள் அதிக நேரம் கொதிக்கவிட்டீர்கள். ஹோப்பைட் என்றால் நீலம் வராது, அல்லது மிக மங்கலாக வரும். ஃபெரிசயனைடு விட்ட அமிலக் குழாயைப் பிறகு சூடாக்காதீர்கள். நச்சு வாயு வெளிவரும்.

துத்தநாகத்துக்கு: பலரும் சறுக்குவது இங்கேதான். மூன்றாவது பங்கை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து இரும்பு முழுவதையும் ஃபெரிக் ஆக்கவும். ஆறவிட்டு, 10% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் தாராளமாகச் சேர்க்கவும். இரும்பு பழுப்பு வீழ்படிவாக இறங்கும், துத்தநாகம் ஜிங்கேட்டாகக் கரைசலிலேயே தங்கும். வடிகட்டி, தெளிந்த கரைசலில் சில சொட்டு சோடியம் சல்ஃபைடு விட்டால் வெள்ளை வீழ்படிவு. காரத்தைக் கஞ்சத்தனமாக விட்டால் துத்தநாகமும் இரும்போடு சேர்ந்தே படிந்து வடிதாளில் நின்றுவிடும். பிறகு சல்ஃபைடு விட்டு வெள்ளை வராததைப் பார்த்து, துத்தநாகம் இல்லை, இது லட்லமைட் அல்லது விவியனைட் (இன்னொரு இரும்பு பாஸ்பேட்) என்று எழுதிவிடுவார்கள். வெள்ளைக்குப் பதில் கறுப்பு வந்தால் இரும்புத் தூள் வடிதாளைத் தாண்டியிருக்கிறது அல்லது ஈயம் கலந்திருக்கிறது. மறுபடி வடிகட்டிவிட்டுச் செய்யுங்கள். சல்ஃபைடு சேர்த்த கரைசலில் அமிலம் படக் கூடாது.

தூள் அரை கிராம் வரை இருக்கிறது என்றால் எரிப்பு இழப்பும் பார்க்கலாம். இங்கே ஒரு கணக்குப் பிசகு காத்திருக்கிறது. நீர் 16.1% என்பதால் காற்றில் 600 டிகிரிக்குச் சூடாக்கினால் 16.1% குறையும் என்று தோன்றும். ஆனால் ஃபெரஸ் இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து ஃபெரிக் ஆவதால் 1.8% எடை கூடும். தராசு காட்ட வேண்டியது 14.3%. மேற்பரப்பு ஈரத்தை நீக்க 110 டிகிரி அடுப்பில் வைக்காதீர்கள், கட்டமைப்பு நீரே வெளியேறத் தொடங்கலாம். உலர்கலத்தில் ஒரு நாள் வைத்தால் போதும்.

எக்ஸ் கதிர்

பாஸ்போஃபிலைட்டா ஹோப்பைட்டா என்ற கேள்விக்கு இறுதி விடை இங்கேதான் கிடைக்கும். ஹோப்பைட் ஆர்த்தோராம்பிக், பாஸ்போஃபிலைட் மோனோகிளினிக்; கட்டமைப்பே வேறு. செம்புக் கதிரில் பாஸ்போஃபிலைட்டின் முதல் உச்சம் 9.95 பாகையை ஒட்டியும் (தள இடைவெளி 8.88 ஆங்ஸ்ட்ராம்), ஹோப்பைட்டின் முதல் உச்சம் 9.65ஐ ஒட்டியும் (9.16 ஆங்ஸ்ட்ராம்) வரும். வித்தியாசம் 0.3 பாகைதான். 200 மில்லிமீட்டர் ஆரமுள்ள கருவியில் தூளின் மேற்பரப்பு அரை மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ இருந்தாலே உச்சம் அந்த அளவு நகர்ந்துவிடும். அதனால் ஒரே உச்சத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். தூளில் சிறிது குவார்ட்ஸ் கலந்து அதன் 20.86, 26.64 பாகை உச்சங்களைக் கொண்டு திருத்துங்கள்.

அடுத்த சிக்கல் தட்டையான துணுக்குகள். சுத்தமான பிளவு உள்ள கனிமத்தை அரைத்தால் சீட்டுக்கட்டு போல எல்லாத் துணுக்கும் படுத்துக்கொள்ளும், 9.95 உச்சம் வானளாவ நின்று மற்றவை காணாமல் போகும். மேலிருந்து அழுத்தாமல் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ நிரப்பும் தாங்கியைப் பயன்படுத்துங்கள். அரைக்கும்போது ஆல்கஹால் சொட்டிக்கொண்டு மெதுவாக அரைத்தால் சூடும் ஏறாது.

எஃகுத் தகட்டுக்குத் துத்தநாகப் பாஸ்பேட் பூச்சு போடும் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இரு உச்சங்களும் பழகியவை. கரைசலில் இருக்கும் துத்தநாகத்தோடு எஃகின் இரும்பு சேர்ந்தால் பாஸ்போஃபிலைட், இரும்பு சேராவிட்டால் ஹோப்பைட். பாஸ்போஃபிலைட் உச்சத்தின் உயரத்தை இரண்டு உச்சங்களின் கூட்டலால் வகுத்து வரும் விகிதம் பூச்சின் தரக் குறியீடு. இயற்கையில் அரிதான கனிமம் கார் கதவின் வண்ணத்துக்கு அடியில் மைக்ரான் கணக்கில் கிடக்கிறது.

வாய்பாடு போடுவது

எலக்ட்ரான் நுண்ணாய்வி (எலக்ட்ரான் கற்றையால் தனிமங்களை அளக்கும் கருவி) அளவீடு கிடைத்தால் வாய்பாட்டைப் பாஸ்பரஸ் இரண்டு என்ற அடிப்படையில் போடுங்கள். நீரேறிய கனிமத்தில் எலக்ட்ரான் கற்றை நீரை விரட்டிவிடுவதால் மொத்தக் கூட்டல் நம்பகமில்லை. விகிதம் மட்டுமே நிற்கும். கற்றையை 10 முதல் 20 மைக்ரான் வரை விரித்து, குறைந்த மின்னோட்டத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: துத்தநாக ஆக்சைடு 35.4, ஃபெரஸ் ஆக்சைடு 15.2, மாங்கனீசு ஆக்சைடு 1.3, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 31.5. ஒவ்வொன்றையும் அதன் மூலக்கூறு எடையால் வகுத்தால் 0.4350, 0.2116, 0.0183, 0.2219. கடைசியில் இரண்டு பாஸ்பரஸ் இருப்பதால் 0.4438. இரண்டை இதனால் வகுத்தால் பெருக்கெண் 4.507. விடை: துத்தநாகம் 1.96, இரும்பு 0.95, மாங்கனீசு 0.08. மூன்றின் கூட்டல் 3.00. கூட்டல் மூன்றை விட்டு 0.05க்கு மேல் விலகினால், வகைப்படுத்தப் போகாமல் அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள்.

எந்த வகுப்பில் உட்கார வைப்பது

கட்டமைப்பில் துத்தநாகம் நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகியில் இருக்கிறது. இரும்பு எண்முகியில், நான்கு நீர் மூலக்கூறுகளும் அந்த எண்முகியோடு ஒட்டியவை. ஹோப்பைட்டில் அந்த எண்முகியிலும் துத்தநாகமே. இந்த ஒரு இடம்தான் வகைப்பாட்டின் சாவி.

கனிமங்களை வகைப்படுத்தும் ஸ்ட்ரன்ஸ் முறையில் 8ஆம் வகுப்பு பாஸ்பேட், ஆர்சனேட், வனடேட்டுகளுக்கு. ஹைட்ராக்சில் போன்ற கூடுதல் எதிரயனி இல்லை, நீர் உண்டு என்பதால் 8.சி. கூடுதல் ஹைட்ராக்சில் இருந்து நீர் இல்லாவிட்டால் 8.பி, துத்தநாகப் பாஸ்பேட்டான டார்பட்டைட் அங்கே போகும். அடுத்த எழுத்தில்தான் தவறுவார்கள். பாஸ்பேட்டுக்கு நீர் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தை மட்டும் பார்த்தால் லட்லமைட் இருக்கும் 8.சிடி பொருத்தமாகத் தெரியும். ஆனால் அது நடுத்தர அளவு நேரயனிகள் மட்டும் உள்ளவற்றுக்கு. இங்கே துத்தநாகம் நான்முகியில் இருப்பதால் சிறிய நேரயனியாகக் கணக்காகிறது. ஆகவே இடம் 8.சிஏ, பாஸ்போஃபிலைட்டின் எண் 8.சிஏ.40. ஹோப்பைட் 8.சிஏ.30, ட்ரைகிளினிக்கான பாராஹோப்பைட் 8.சிஏ.70. எண்முகியில் இரும்பு மிகுந்திருக்க வேண்டும், எக்ஸ் கதிரும் மோனோகிளினிக் என்று காட்ட வேண்டும்; இரண்டும் சேர்ந்தால்தான் பெயர். இரும்பு கொஞ்சம் கலந்த ஹோப்பைட் வேதிச் சோதனையில் நீலம் காட்டினாலும் அது ஹோப்பைட்தான்.

பெயர்ச்சீட்டில் கனிமப் பெயரோடு அடர்த்தி, ஒளிவிலகல் எண்கள், எந்தச் சோதனை எந்தத் துணுக்கில் செய்தது என்பதையும் எழுதுங்கள். எக்ஸ் கதிர் பார்க்காத பொடிப்படிகத்துக்கு "துத்தநாகப் பாஸ்பேட், ஹோப்பைட் அல்லது பாஸ்போஃபிலைட்" என்று எழுதுவதே நேர்மையானது. கல்லை மீயொலிக் கருவியில் கழுவாமல், அமிலம் தொடவிடாமல், பஞ்சு வைத்த தனிப்பெட்டியில் வையுங்கள்.